500 கிலோமீட்டருக்கு அப்பால்

சென்ற மாதம் நமது சங்கத்து நூல்நிலையத்தில் பத்திரிகைகளைப் புரட்டிக் கொண்டிருந்தபோது இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறாராம். அவருடைய பெரியப்பா உயில் ஒன்று எழுத இருக்கிறாராம். அதில் சாட்சிக் கையொப்பம் இடவேண்டும் என்று இவரைக் கேட்டிருக்கிறாராம். "வெறும் கையெழுத்துத்தானே, சார்? போட்டுவிட்டு வந்துவிடலாம் அல்லவா?" என்றார். நான் உடனே விடை சொல்லவில்லை. "எழுதித் தருகிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு கையெழுத்தைப் பற்றிச் சொல்ல இத்தனை பக்கங்கள் எதற்கு என்று அவர் எண்ணக்கூடும். எனக்கு வேண்டியிருக்கிறது.

1984-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் நானும் இப்படித்தான் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பொழுது எனக்கு வயது 33. தில்லியில் சர்க்கார் அலுவலகம் ஒன்றில் கணக்கு உத்தியோகம். காவிரிக் கரையில் எங்கள் கிராமம். எதிர்வீட்டில் இருந்தவர், எனக்கு எண்ணும் எழுத்தும் கற்பித்த வாத்தியார். அவருக்குப் பெண்கள் இருவர், பிள்ளை ஒருவன். பெண்கள் இருவரையும் நகை, பாத்திரம், சீர்வரிசை எதற்கும் குறையின்றிக் கட்டிக் கொடுத்தார். பிள்ளை 28 வயதில் மஞ்சட் காமாலையில் போய்விட்டான். குழந்தை இல்லை. மருமகள் பிறந்தகம் திரும்பவில்லை. பார்வை மங்கிவந்த மாமனாருக்கு வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு, தையல் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு, அந்த வீட்டிலேயே இருந்துவிட்டார். வீடு வாத்தியார் தம் சம்பாத்தியத்தில் கட்டியது. அதை மருமகளுக்கே எழுதிவைப்பது என்று அவர் தீர்மானித்தார்.

திண்ணையில் பத்திர எழுத்தர் உட்கார்ந்திருந்தார். கிளைத் தபாலாபீஸ் போஸ்ட்மாஸ்டர் முதற் சாட்சி. இரண்டாம் சாட்சிக்கு ஆள் தேடியபோது நான் வாயிற்படியில் நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவுதான் எனக்கு இருந்த தகுதி. வாத்தியார் மசிப் பேனாவை உதறினார். இரண்டாம் பக்கத்தின் இடது ஓரத்தில் ஒரு பெரிய சொட்டு விழுந்தது. அவர் கையொப்பமிட்டபின் தாளை என் பக்கம் நகர்த்தி, "மசி காயட்டும், கையை வைக்காதே" என்றார். மூன்றாம் வகுப்பில் சொன்ன அதே குரல். நான் காத்திருந்து கையெழுத்திட்டேன். உள்ளேயிருந்து காபி வந்தது. அன்றே சப்ரிஜிஸ்திரார் ஆபீசில் உயில் பதிவும் ஆயிற்று.

பதிவாகிவிட்டால் உயிலுக்கு ஆட்சேபம் இராது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியன்று. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். எழுதிவைப்பவர் கையொப்பமிட்டதை ஒவ்வொருவரும் கண்ணால் கண்டிருக்க வேண்டும். அல்லது அவரே ஒப்புக்கொள்ளக் கேட்டிருக்க வேண்டும். பின்பு அவர் முன்னிலையில் தாங்களும் கையொப்பமிட வேண்டும். வழக்கென்று வந்தால் அந்தச் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றியே தீரவேண்டும். அவர் உயிரோடிருந்து, கோர்ட்டின் ஆணைக்கு உட்பட்டவராகவும் சாட்சி சொல்லக்கூடியவராகவும் இருக்கும் பட்சத்தில். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு இதைச் சொல்லிற்று. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அதன் இடத்தில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் இந்த விதி மாறவில்லை. மற்றப் பத்திரங்களுக்குப் பதிவினால் கிடைக்கும் சலுகை உயிலுக்கு மட்டும் கிடையாது.

நிற்க. வாத்தியார் 1991-இல் காலமானார். போஸ்ட்மாஸ்டர் 1998-இல் போனார். பத்திர எழுத்தரும் போய்விட்டார். அந்த உயிலுக்கு இவ்வுலகில் மிஞ்சிய சாட்சி நான் ஒருவன் என்பது எனக்கே தெரியாமல் நான் தில்லியில் கோப்புகளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். 2009-இல் ஊருக்கு அருகே புதிய பேருந்து நிலையம் வந்தது. மனைகளின் விலை ஏறிற்று. வாத்தியாரின் பெண்கள் இருவரும் சேர்ந்து, தம்பி மனைவியின்மீது பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்தார்கள். உயில் இல்லையென்றால் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு, சட்டம் அப்படி. உயிலே பொய் என்பது அவர்கள் கட்சி.

கோர்ட்டுக் காரியத்தில் தாமதம் என்பது ஒன்றிலிருந்து ஒன்று குட்டி போடும். சம்மன் கிடைத்த 30 நாட்களுக்குள் பிரதிவாதி தம் எதிர்வழக்குரையைத் தாக்கல் செய்யவேண்டும். கோர்ட்டார் காரணத்தை எழுதிவைத்து 90 நாள் வரை நீட்டலாம். 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் இது. அந்த அம்மாள் அமீனா கொடுத்த காகிதத்தைச் சுவாமி படத்தின் பின்னால் செருகிவைத்துவிட்டு, நாத்தனார்களிடம் நேரில் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு முறிந்து, வக்கீலைப் பார்த்து, டிரங்குப் பெட்டியிலிருந்து உயிலை எடுத்துக் கொடுத்து, எதிர்வழக்குரை தாக்கலாகும்போது நான்கு மாதம் கடந்துவிட்டது. நல்ல வேளையாக, இந்த 90 நாள் வரம்பு மீறவே முடியாத சுவரன்று, தகுந்த காரணம் இருந்தால் கோர்ட்டார் ஏற்கலாம் என்று 2005-இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தது. (பெரிய வியாபார வழக்குகளில் அந்தத் தயவு கிடையாது. அங்கே 120 நாள் முடிந்தால் கதவு சாத்திவிடும். 2019-இல் அதே நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிற்று.) எதிர்த் தரப்புக்கு 1000 ரூபாய் செலவுத்தொகை கட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு எதிர்வழக்குரை ஏற்கப்பட்டது.

அடுத்தது சாட்சிப் பட்டியல். வழக்கின் எழுவினாக்களைக் கோர்ட்டார் வகுத்த 15 நாட்களுக்குள், யார் யாரைச் சாட்சியாக அழைக்கப் போகிறோம் என்று கட்சிக்காரர்கள் பட்டியல் கொடுக்கவேண்டும். அந்தப் பட்டியலில் என் பெயர் இல்லை. என் விலாசம் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நான் கடைசியாக ஊருக்குப் போய் அப்போது பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. யாரோ சொல்லி, எங்கேயோ விசாரித்து, என் பெயரைச் சேர்க்க வேண்டுமென்று பின்னால் மனுப் போட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, இது வழக்கை இழுத்தடிக்கும் தந்திரம், காலம் கடந்த மனு என்று ஆட்சேபித்தார். அவர் கடமை அது. மனு ஏற்கப்பட்டது, செலவுத்தொகை 500 ரூபாய். சம்மன் புறப்பட்டது. அது வந்து சேர்ந்த இடம், நான் ஓய்வு பெற்றபோது காலி செய்துவிட்ட சர்க்கார் குடியிருப்பு. "விலாசதாரர் இல்லை" என்று எழுதித் தபால்காரர் திருப்பியனுப்பினார். ஆறு மாதம் போயிற்று. ஜாகை மாறும் நம்மவர்கள் காஸ் கம்பெனிக்கும் பாங்கிக்கும் புது விலாசம் கொடுக்கிறோம். ஊருக்குக் கொடுக்க மறந்துவிடுகிறோம்.

இரண்டாம் சம்மன் சரியான விலாசத்துக்கு வந்தது, 2012-இல். அதற்கு இரண்டு நாள் முன்னதாக வாத்தியாரின் மூத்த பெண் தொலைபேசியில் பேசினார்.

இங்கேதான் நான் சொல்லத் தயங்குவது இருக்கிறது. 1995-இல் என் தாயார் படுத்த படுக்கையானபோது எனக்கு லீவு கிடைத்தது பன்னிரண்டு நாள். அதற்குப் பின் நான்கு மாத காலம், பக்கத்துத் தெருவிலிருந்து காலையும் மாலையும் வந்து, கஞ்சி வைத்துக் கொடுத்து, முதுகைத் துடைத்துவிட்டு, கடைசி மூச்சின்போது பால் ஊற்றியவர் இந்த அக்காதான். நான் தில்லியிலிருந்து போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு நான் ஒரு புடவை வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன கொடுக்க முடியும்?

"தம்பி, உனக்குச் சம்மன் வருமாம்" என்றார் அக்கா. "உன்னைப் பொய் சொல்லச் சொல்லமாட்டேன். நீ வராமல் இருந்தால் போதும்."

எங்கள் அடுக்குமாடியில் வக்கீல் நண்பர் ஒருவர் இருந்தார். சம்மனைப் பார்த்ததும் சிரித்தார். சம்மனை மதியாத சாட்சிக்கு வாரண்டு பிறப்பிக்கலாம். சொத்தை ஜப்தி செய்யலாம். 5000 ரூபாய் வரை அபராதம் போடலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் சிவில் நடைமுறைச் சட்டத்திலேயே ஓர் இடத்தில், கோர்ட்டின் எல்லைக்கு வெளியே 100 கிலோமீட்டருக்கு அப்பால் வசிப்பவரை நேரில் வரக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று இருக்கிறது. வழியில் ஆறில் ஐந்து பங்குத் தூரத்துக்கு ரயிலோ வேறு பொது வாகனமோ இருந்தால் அந்த வரம்பு 500 கிலோமீட்டர். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஆகாய விமானம் பறந்து, அதற்கான கட்டணமும் சாட்சிக்குக் கொடுக்கப்பட்டால் மட்டும் வரச் சொல்லலாம். "உங்கள் கோர்ட்டு ஊரில் விமானம் இறங்குமா?" என்று கேட்டார் நண்பர். காவிரி மணலில்தான் இறங்கவேண்டும் என்றேன். இருவரும் சிரித்தோம். தில்லியிலிருந்து சென்னைக்கே ஏறத்தாழ 2200 கிலோமீட்டர். சட்டமே என்னை வீட்டில் உட்காரச் சொல்கிறது! அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினேன். தூரத்தைச் சொன்னதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் உரிமை. கணக்கு எழுதிப் பழகிய கை, ஒரு வரவுக்கு இரண்டு வவுச்சராக இருக்கட்டும் என்று எண்ணிற்றோ என்னவோ, இன்னொரு வரியும் சேர்த்தேன்: "நடந்து 28 ஆண்டுகள் ஆகிவிட்டபடியால் மேற்படி உயிலைப் பற்றி எனக்கு ஒன்றும் நினைவில்லை." எழுதும்போதே மசிச்சொட்டு கண்முன் நின்றது. ஒட்டித் தபாலில் சேர்த்துவிட்டேன்.

தூரத்திலிருக்கும் சாட்சியை அவர் இருக்குமிடத்திலேயே விசாரிக்க, கமிஷனர் ஒருவரை நியமிக்கச் சட்டத்தில் வழியுண்டு. அந்த அம்மாளின் வக்கீல் அதற்கும் மனுச் செய்திருக்கிறார். எதிர்த்தரப்பு வக்கீல் என் கடிதத்தை எடுத்து வாசித்து, நினைவே இல்லை என்று எழுதிக் கொடுத்தவரை விசாரிக்கத் தில்லிக்குக் கமிஷன் எதற்கு என்று கேட்டார். மனு தள்ளுபடி ஆயிற்று. சாட்சியம் முடிந்தது என்று கோர்ட்டார் எழுதிவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

எனக்கு முதலில் வந்தது ஓர் இன்லண்டுக் கடிதம். அந்த அம்மாள் எழுதியது. ஏதாவது திட்டியிருப்பார் என்று பயந்துகொண்டே பிரித்தேன். "அண்ணாவுக்கு நமஸ்காரம். தங்கள் கடிதத்தைக் கோர்ட்டில் வாசித்தார்கள். நினைவு தப்பிவிட்டதாக எழுதியிருக்கிறீர்களே, உடம்புக்கு என்ன? அண்ணியையும் பிள்ளைகளையும் அடையாளம் தெரிகிறதா? அங்கே பெரிய வைத்தியர்கள் இருப்பார்கள், அலட்சியம் செய்யாமல் காட்டுங்கள்." வழக்கைப் பற்றி வேறு ஒரு சொல் இல்லை.

அவர் கேலி செய்யவில்லை; நான் அவரை அறிவேன். வாத்தியார் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒன்றை நான் மறப்பேன் என்றால், எனக்கு வியாதிதான் வந்திருக்கவேண்டும் என்று அவர் உண்மையாகவே எண்ணியிருக்கிறார். என் மனைவி அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "டிக்கெட்டுக்கு எழுதிவிடுங்கள்" என்றாள்.

முடிந்துபோன சாட்சியத்தை மறுபடி திறக்கவேண்டும் என்று மூன்றாவது மனு. அதற்கு மூன்றாவது ஆட்சேபம். இம்முறை செலவுத்தொகை 1500 ரூபாய். 2013-இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினேன். நான் போன முதல் நாள் வக்கீல்கள் கோர்ட்டைப் பகிஷ்கரித்திருந்தார்கள். வாய்தா இரண்டு வாரம். லாட்ஜில் தங்கினேன், அந்த அம்மாள் வீட்டில் தங்கினால் குறுக்கு விசாரணையில் அதுவே ஒரு கேள்வியாகும் என்று வக்கீல் குமாஸ்தா எச்சரித்தார். அந்தக் குமாஸ்தா ஒரு சிறு நோட்டில் வழக்கின் செலவுகளை எழுதிவைத்திருந்தார். பழக்கதோஷத்தால் வாங்கிக் கூட்டிப் பார்த்தேன். தாமதங்களுக்காகக் கட்டிய செலவுத்தொகை மட்டும் 3000 ரூபாய். சம்மன் கட்டணம், எனக்காக இரண்டு முறை கட்டிய சாட்சிப் படி எல்லாம் தனி. ரவிக்கை தைத்துக் கட்டிய பணம். அதில் கடைசி 1500-உம் நான் தில்லியில் எழுதிய அந்த ஒரு வரிக்கு ஆன செலவு.

டவாலிச் சேவகர் என் தகப்பனார் பெயரையும் சேர்த்து மூன்று முறை கூவினார். கூண்டேறிப் பிரமாணம் செய்தேன். உயிலைக் காட்டுமுன்பே, அன்று நடந்ததைச் சொல்லும்படி வக்கீல் கேட்டார். திண்ணை, போஸ்ட்மாஸ்டர், பேனாவை உதறியது, இரண்டாம் பக்கத்தின் இடது ஓரத்தில் விழுந்த சொட்டு, "கையை வைக்காதே" என்ற சொல், எல்லாம் சொன்னேன். நீதிபதி தம் முன்னிருந்த உயிலைத் திருப்பிப் பார்த்தார். சொட்டு அங்கேதான் இருந்தது.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். என் கடிதத்தை நீட்டினார்.

"இது உங்கள் கையெழுத்தா?"

"ஆம்."

"இதில் எழுதியிருப்பது உண்மையா?"

"இல்லை."

"கோர்ட்டுக்குப் பொய் எழுதியிருக்கிறீர்கள்?"

"எழுதினேன்."

"எதற்காக?"

பின்வரிசைப் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். அவருடைய தலை முழுதும் நரைத்துவிட்டிருந்தது. தொலைபேசிப் பேச்சைச் சொல்லியிருக்கலாம். அது என் பொய்க்கு ஒரு பாதிக் காரணமாவது ஆகியிருக்கும். "வர மனமில்லாமல் எழுதினேன்" என்றேன். பிரமாணத்துக்கு அது விரோதமன்று என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எழுத்தில் பொய் சொன்னவர் வாயால் மட்டும் மெய் சொல்வாரென்று கோர்ட் ஏன் நம்பவேண்டும் என்று வக்கீல் கேட்டார். நல்ல கேள்வி. பதில் என்னிடம் இல்லை. வாத்தியாரின் உயில் பிரதிவாதி தரப்பில் பி-1 என்று குறியீடு ஆனது. என் கடிதம் வாதிகள் தரப்பில் ஏ-7. இரண்டிலும் அதே கையெழுத்து.

நூல்நிலையத்தில் என்னைக் கேட்ட இளைஞருக்கு: போடுங்கள், தம்பி. பெரியப்பா கையொப்பமிடுவதை அருகிலிருந்து பாருங்கள். அவர் பார்க்க நீங்கள் இடுங்கள். ஊரிலேயே இருக்கும், வயதில் இளையவர் ஒருவரையும் மற்றச் சாட்சியாக வைக்கச் சொல்லுங்கள். ஜாகை மாறும்போதெல்லாம் அந்த வீட்டுக்கு ஒரு கார்டு எழுதுங்கள். சம்மன் வந்தால் கடிதம் எழுதாதீர்கள். உங்களை அழைத்தவரின் வக்கீலோடு பேசுங்கள். இப்பொழுது காணொளி வழியாகச் சாட்சியம் பெறுவதற்கும் உயர் நீதிமன்றங்கள் பல விதிகள் வகுத்திருக்கின்றன. எனக்கு நேர்ந்ததுபோல் இரண்டு நாள் ரயிலில் உட்கார வேண்டியிராது. அதற்காகச் சுலபம் என்று எண்ணிவிட வேண்டாம்.

2014-இல் தீர்ப்பு வந்தது. என் கடிதம் கண்டிக்கத்தக்கது என்று நீதிபதி எழுதியிருந்தார். மசிச்சொட்டைப் பற்றியும் எழுதியிருந்தார். உயில் மெய்யென்று முடிவாகி வழக்குத் தள்ளுபடி ஆயிற்று. மேல்முறையீட்டுக்கு ஜில்லாக் கோர்ட்டில் 30 நாள் தவணை. தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாட்கள் அந்தக் கணக்கில் சேரா. அக்காவின் தரப்பில் அதற்கும் மேல் 214 நாள் தாமதமாகப் போட்டார்கள். அக்காவுக்கு உடல் நலமில்லை என்று, தாமதத்தை மன்னிக்கும்படி 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் மனு. தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் காரணம் காட்டவேண்டும் என்பது பழைய கோர்ட்டு வழக்கு. அதைப் பண்டிதத்தனமாகப் பிடித்துக்கொண்டு நியாயத்தைக் கோட்டை விடக்கூடாது என்று 1987-இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் எதிர்த்துப் போராட இடமுண்டு, மேல்முறையீட்டை வாசலிலேயே நிறுத்திவிடலாம் என்று அந்த அம்மாளிடம் வக்கீல் சொன்னாராம். "நானும் நான்கு மாதம் தாமதித்தவள்தானே? ஆட்சேபம் இல்லை என்று எழுதிவிடுங்கள்" என்று அவர் சொல்லிவிட்டார். வக்கீலுக்குக் கோபம். குமாஸ்தா எனக்குத் தொலைபேசியில் இதைச் சொல்லிச் சிரித்தார். மேல்முறையீடு நான்கு ஆண்டு நடந்து 2018-இல் தள்ளுபடி ஆயிற்று. அந்த அம்மாள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். கண் சரியில்லாததால் தையல் இல்லை, முன்னறையை ஒரு டியூஷன் வாத்தியாருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்.

அக்கா 2019-இல் காலமானார். செய்தி எனக்கு மூன்றாம் நாளே கிடைத்தது. முன்பெல்லாம் இத்தகைய சமயத்தில் ஒரு தந்தி கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். தந்தியும் 2013-இலேயே நின்றுவிட்டது. தொலைபேசியை இரண்டு முறை எடுத்து வைத்தேன். பதின்மூன்றாம் நாள் கழிந்து ஒரு வாரம் ஆனபின்தான் அவருடைய மகனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கஞ்சியைப் பற்றி எழுதினேன். தாமதத்துக்குக் காரணம் எழுதவில்லை.